மூளைக்கும் காலுக்கும் சேர்த்துப் பயிற்சியாம்: ஒரு கால்பந்து வகுப்பு பற்றி

கால்பந்து வகுப்பு விளம்பரத்தில் 'காக்னிட்டிவ் டிரெயினிங்', அதாவது மூளைக்கான பயிற்சி, என்று பார்த்ததும், இன்னொரு அபாகஸ் கிளாஸோ என்ற சந்தேகத்தோடுதான் 11 வயதுப் பையனைச் சேர்த்துவிட்டேன். சென்னையில் எங்கள் ஏரியா டர்ஃபில் நடக்கிறது. குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

உருப்படியான விஷயம், பாஸ் வாங்கும் பயிற்சி. எதிரே ஒருவன் பந்தைத் தள்ளிவிடுவான். வாங்குகிறவன் முதுகுக்குப் பின்னால் கோச் சிவப்போ மஞ்சளோ நீலமோ ஒரு பிப்பை (அணி பிரிக்கச் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத பனியன்) தூக்கிப் பிடிப்பார். பந்து காலுக்கு வருவதற்குள் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து நிறத்தைச் சொல்லிவிட்டு, முதல் டச்சிலேயே அந்த நிறக் கோன் பக்கம் பந்தைத் திருப்ப வேண்டும். ஆரம்பத்தில் பையன் நிறத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுப் பந்தைக் கோட்டை விடுவான், இல்லையென்றால் பந்தை நிறுத்திவிட்டு வாய்க்கு வந்த நிறத்தைச் சொல்வான். இப்போது மேட்ச் ஆடும்போதும் பந்து வருமுன் தலை தானாகத் திரும்புகிறது. நார்வே ஆராய்ச்சியாளர் கெய்ர் யோர்டெட் ஆட்ட வீடியோக்களை அலசிச் சொன்னதும் இதுதான்: பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகமாகச் சரியாகப் போய்ச் சேர்கிறது. இதில் இங்கிலாந்தின் முன்னாள் வீரர் லாம்பார்ட் பேர்போனவர்.

அப்புறம் அந்த விளக்குகள். தரையில் வட்டமாக வைத்திருப்பார்கள், எரிகிறதைக் கையால் தட்ட வேண்டும், செல்போனில் ஸ்கோர் வரும். இதற்குத் தனிக் காசு வேறு! பந்தே கிடையாது, பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போகிறது. விளக்கைத் தட்டிப் பழகினால் விளக்கைத் தட்டுவதில் வேகம் வரும், சரி. மேட்சில் எங்கே விளக்கு எரிகிறது? டிஃபெண்டரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுதானே பார்க்க வேண்டும். ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் இருக்கும் ஃபுட்போனாட் என்ற பயிற்சிக் கூண்டிலும் விளக்குதான், ஆனால் அங்கே சுற்றியுள்ள 72 கட்டங்களில் எட்டிலிருந்து பந்து பாய்ந்து வரும், அதை அடக்கி, மற்ற 64-ல் எரிகிற கட்டத்துக்குள் அடிக்க வேண்டும். பந்து எப்போதும் காலில்தான்.

கடைசியில் நான்குக்கு நான்கு ஆட்டம், இரண்டு நிறங்களில் குட்டிக் கோல்கள். எந்த நிறத்தில் அடிப்பது என்று கோச் நடுவில் கத்தி மாற்றிக்கொண்டே இருப்பார். பிள்ளைகள் திட்டிக்கொண்டேதான் ஆடுகிறார்கள், ஆனால் கிளம்பச் சொன்னால் ஒருத்தனும் வர மாட்டேன் என்கிறான்.

சேர்க்கலாம், விளக்கு பேக்கேஜ் மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டால் குறைத்துக்கொள்கிறார்கள்.