ரிவர்டேல் பண்ணையா, மிருகக்காட்சிசாலையா: நாலு வயதுப் பிள்ளைக்கு எது?

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ரொறன்ரோ மிருகக்காட்சிசாலையின் வருடச் சந்தா எடுப்பது வழக்கம். நாங்களும் எடுத்தோம். வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். மகளுக்கு மிருகங்கள் என்றால் உயிர். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தோம். இந்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் சப்வே எடுத்து, நகரத்தின் நடுவில் இருக்கிற ரிவர்டேல் பண்ணைக்குப் போகிறோம். ஏன் என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

உண்மையில் இவை இரண்டும் ஒரே வேரில் வந்தவை. நகரத்தின் பழைய மிருகக்காட்சிசாலை ரிவர்டேலில்தான் இருந்தது. 1974இல் அதை மூடி, அதே வருடம் ஓகஸ்டில் ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் புதியதைத் திறந்தார்கள். பழைய நிலத்தில் 1978இல் பண்ணை வந்தது. பக்கத்து ஊரான மார்க்கத்தில் (Markham) 1858இல் கட்டிய மரக் களஞ்சியம் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஆடு மாடுகளைப் பார்க்க அதற்குள்தான் நுழைகிறோம். சிங்கமும் கரடியும் கூண்டில் கிடந்த இடத்தில் இப்போது செம்மறி மேய்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

வெளிப்படையான வித்தியாசங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிருகக்காட்சிசாலை 287 ஹெக்டேர், பண்ணை ஏழரை ஏக்கர். அங்கே கொரில்லாவும் பனிக்கரடியும் உண்டு. இங்கே குதிரை, மாடு, பன்றி, ஆடு, கோழி, வாத்து. அங்கே நுழைவுச்சீட்டு, வாகனம் நிறுத்தக் காசு. இங்கே நுழைவு இலவசம். நகரத்தின் பஸ், சப்வே சேவையான ரிரிசியில் (TTC) பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கும் கட்டணம் இல்லை, ஆகவே பெரியவர்களின் பயணச் செலவு மட்டும்தான்.

ஆனால் நாங்கள் முடிவை மாற்றியது காசுக்காக இல்லை. திரும்பத் திரும்பப் போக முடிகிறதா என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வியாக வந்து நின்றது.

மிருகக்காட்சிசாலைக்குப் போவது ஒரு முழுநாள் வேலை. நடைபாதைகள் மட்டும் பத்துக் கிலோமீற்றருக்கு மேல். சாப்பாடு, தண்ணீர், மாற்றுடுப்பு, தள்ளுவண்டி எல்லாம் கட்டிக்கொண்டு போக வேண்டும். சிங்கம் தூரத்தில் ஒரு கல்லோடு கல்லாகப் படுத்திருக்கும். "எங்கை அம்மா? எங்கை?" என்று கேட்டுக் கேட்டு மகளுக்கு அலுத்துவிடும். பின்னேரம் காரிலேயே நித்திரை. சந்தா கையில் இருந்தும் அந்த வருடம் நாலு முறைதான் போனோம். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாகத்தான் பார்த்தாள். போன முறை கண்டது ஒன்றும் அவள் நினைவில் இல்லை.

பண்ணையில் ஒரு மணித்தியாலம் போதும். முழுப் பண்ணையையும் அவளுடைய கால்களாலேயே சுற்றிவிடலாம், தூக்கச் சொல்லி அழ மாட்டாள். எந்தக் கொட்டிலில் யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மாற்றம் கண்ணில் படுகிறது.

மார்ச் மாதம் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஊரில் ஆடு மாடு வளர்த்த மனிசி. களஞ்சியத்துக்குள் காலடி வைத்ததும் மூச்சை நன்றாக இழுத்தா. வைக்கோலும் சாணியும் கலந்த அந்த மணம், பனிக்குளிரில் கொஞ்சம் சூடாக வந்தது. பிறகு ஒரு வெள்ளாட்டின் முன்னால் நின்று, "மடி இறங்கியிட்டுது. இது ஒரு கிழமைக்குள்ள குட்டி போடும்" என்றா. மகள் குந்தியிருந்து கம்பிக்குள்ளால் அந்த மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை அவள் வாசலிலிருந்தே ஓடினாள். இரண்டு குட்டிகள். ஒன்று தாயின் கீழே தலையால் இடித்து இடித்துப் பால் குடிக்க, மற்றது நாலு காலையும் ஒரேயடியாகத் தூக்கித் துள்ளியது. "அம்மம்மாவுக்குச் சொல்லோணும்" என்று உடனே ஃபோனைக் கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் குட்டிகள் வளர்ந்ததைக் கிழமைக்குக் கிழமை பார்த்தோம். கொம்பு முளைக்கிற இடத்தில் முதலில் சின்னப் புடைப்பு. பிறகு ஒரு நாள் வைக்கோலைச் சப்பத் தொடங்கின. இன்னொரு நாள் வேலையாள் ஆட்டில் பால் கறப்பதைப் பார்த்தாள். வெறும் வாளியில் முதல் பீச்சல் விழும்போது டங் டங் என்று சத்தம். கொஞ்சம் நிறைந்ததும் நுரை கட்டி, சத்தம் அடங்கிவிட்டது. "ஏன் சத்தம் நிண்டுட்டுது?" என்று கேட்டாள். பால் எங்கிருந்து வருகிறது என்று படப் புத்தகத்தில் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். அப்படி ஒரு கேள்வி ஒரு நாளும் வந்ததில்லை.

குறைகளும் இருக்கின்றன. மிருகங்களுக்குத் தீனி கொடுக்க விடமாட்டார்கள். மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சலாம் என்று எண்ணிப் போகிற பிள்ளை ஏமாந்துபோகும். சனிக்கிழமை பத்தரை மணிக்குப் பிறகு தள்ளுவண்டிகளால் களஞ்சியம் நிறைந்துவிடும், முன்னதாகப் போவதுதான் நல்லது. ஜனவரியில் கொட்டிலுக்கு வெளியே பார்க்க அதிகம் இல்லை, அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடுவோம். பிள்ளை எப்படியும் வேலியைப் பிடிக்கும், பிடித்த கையை வாயில் வைக்கும். ஆகவே வெளிக்கிட முன் சோப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். கைப்பையில் இருக்கிற ஜெல் எல்லாக் கிருமிக்கும் வேலை செய்யாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

நகரத்துக்கு எதிரே ஏரியில் இருக்கிற சென்டர் ஐலண்ட் என்ற தீவில் 'ஃபார் இனஃப்' என்று இன்னொரு சின்னப் பண்ணை இருக்கிறது. ஒரு முறைதான் போனேன், அதனால் அதிகம் சொல்ல முடியாது. ஃபெரிப் பயணம் பிள்ளைக்குக் கொண்டாட்டம். ஆனால் பண்ணைக்குப் பக்கத்திலேயே ராட்டினங்கள். அவற்றைக் கண்ட பிறகு ஆட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? கோடையில் ஒரு நாள் உலாவுக்குச் சரி. கிழமைக்குக் கிழமை அங்கே போவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் இதே முடிவுதானா என்று கேட்டால், எனக்கு அந்த அனுபவம் இல்லை. அக்காவின் மகனுக்குப் பத்து வயது. எங்களோடு பண்ணைக்கு வந்து கால்மணித்தியாலத்தில் "இனி என்ன?" என்று கேட்டான். அவனுக்கு மிருகக்காட்சிசாலைதான். ஒவ்வொரு கூட்டுக்கு முன்னாலும் நின்று பலகையை வாசித்து, எது எந்த நாட்டு மிருகம் என்று எங்களுக்கே சொல்லித் தருவான். மகளும் அந்த வயதுக்கு வரும்போது சந்தாவைத் திரும்ப எடுப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்காபரோவின் கெனடி சப்வே ஸ்ரேஷனில் ஏறினால் இடையில் மாறாமல் காசில் ஃபிராங்கில் இறங்கலாம். அங்கிருந்து 65ஆம் இலக்க பஸ், பார்லிமென்ட் வீதி வழியாக. வின்செஸ்டர் வீதியில் இறங்கிக் கிழக்கே நடந்தால் வீதி முடிகிற இடத்தில் பண்ணை வாசல். ரெயின் டொன் பள்ளத்தாக்கின் பாலத்தைக் கடக்கும்போது மகள் யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அடுத்ததுதான் எங்கடை ஸ்ரேஷன்" என்று பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்துச் சொல்லுவாள்.