பிரஷரை வேரோடு ஒழிப்பதாகச் சொன்னார்கள், 18,600 ரூபாய் போச்சு, அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்

வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் யாராவது இருந்தால் இதைக் கொஞ்சம் முழுசாகப் படியுங்கள். "மூன்றே மாதத்தில் பி.பி. மாத்திரைக்கு விடை கொடுங்கள்" என்று வீடியோ விளம்பரம் போட்டு, போனிலேயே டாக்டர் ஆலோசனை என்று ஒருவரைப் பேசவிட்டு, கூரியரில் டப்பா அனுப்பும் ஒரு மூலிகைக் கம்பெனியிடம் எங்கள் அப்பா 18,600 ரூபாய் கொடுத்துவிட்டார். நேற்றுதான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கம்பெனி பெயரைப் போடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு டப்பாவோடு வருவார்கள். அவர்கள் பேசுகிற பேச்சைத் தெரிந்துகொள்ளுங்கள், அது மாறாது.

அப்பா சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவர். பல வருஷமாக பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. தினமும் ஒன்று. 2021-ல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து, கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு பைசா செலவில்லை. அளவும் 130, 80 என்று ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலமானால் கணுக்கால் இரண்டும் வீங்கிவிடும், விரலால் அழுத்தினால் குழி விழும். அதோடு தெருவில் நாலு பேர், "காலம் பூரா மாத்திரை தின்னா கிட்னி போயிரும்யா" என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அப்பாவின் போனில் எல்லாக் காலும் தானாகப் பதிவாகும். நான் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டேன். பேசியவர் எடுத்த எடுப்பிலேயே மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டீங்களா, தூக்கம் எப்படி, தறி வேலை பார்த்த உடம்பா, முட்டி வலி இருக்குமே என்று ஒரு அரை மணி நேரம் போகிறது. வார்த்தைக்கு வார்த்தை "அப்பா", "அப்பா". எந்த டாக்டரும் அப்பாவிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை, அதுதான் அவரைச் சாய்த்தது. கால் வீக்கத்தைச் சொன்னதும் அந்த ஆள் குரலைத் தாழ்த்தி, "அப்பா, உங்க மகன் மாதிரி சொல்றேன், அது கிட்னி கெட்டுப்போறதுக்கு முதல் அறிகுறி. அந்த இங்கிலீஷ் மாத்திரைதான் காரணம்" என்கிறார். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப அந்த மாத்திரைய நிறுத்திரலாமா டாக்டர்?" என்று கேட்கிறார். "நம்ம மருந்து கைக்கு வந்த அன்னைக்கே நிறுத்திடுங்க அப்பா, ரெண்டும் சேர்ந்தா வேலை செய்யாது." இதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

அட்வான்ஸ் 3,600 ஜிபேயில். மீதி 15,000 கூரியர் வரும்போது கையில். காசைக் கொடுத்தால்தான் பெட்டியைப் பிரிக்கவே விடுவார்கள். ஆக மொத்தம் 18,600, சீட்டு எடுத்து அம்மா பல்லு கட்டுவதற்காக வைத்திருந்த பணம்.

கொஞ்ச நாளில் தலை பாரம், பிடரியில் வலி. மெடிக்கலில் பார்த்தால் 170, 100. போன் போட்டால், "கழிவு வெளியேறும்போது பிரஷர் ஏறித்தான் இறங்கும், நல்ல அறிகுறி. இனிமே மெஷின் வச்சுப் பார்க்காதீங்க, பார்த்தா பயத்துலயே ஏறும்" என்றார்கள். பிரஷர் நோயாளியைப் பிரஷர் பார்க்காதே என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனசு வருகிறது? அப்பாவும் பார்க்கவில்லை. தன்னார்வலர் அக்கா வந்தபோது "எனக்குச் சரியாப்போச்சு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சு இறுக்கம், பார்வை மங்கல். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 210, 120.

ஈ.சி.ஜி., கிட்னிக்கான கிரியேட்டினின் ரத்த டெஸ்ட், கண் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். நல்லவேளை, பெரிய சேதம் இல்லை. டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டதும் சொன்னார்: அது அம்லோடிபினுக்கு உள்ள சாதாரண பக்கவிளைவுதான், இவருக்குக் கிட்னி நன்றாகவே இருக்கிறது, அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம், வந்து சொல்லியிருந்தாலே போதும். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர்தானாம். அட்டினலால் மாதிரி வேறு சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்படித் திடீரென்று நிறுத்தினால் இன்னும் ஆபத்து, நெஞ்சுவலியே வந்துவிடும் என்றும் சொன்னார். இப்போது டெல்மிசார்டன் 40 எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் இலவசம்தான்.

இனி பணத்துக்கு வருகிறேன். முதலில் எடுத்த பெண், "டாக்டர் திரும்பக் கூப்பிடுவார்" என்றார். யாரும் கூப்பிடவில்லை. மறுபடி போட்டால் "பத்தியம் சரியா இருந்தீங்களா, புளி சேர்த்தீங்களா" என்று அப்பா மேலேயே பழி. ஆஸ்பத்திரிச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்னொருவர், சீல் உடைத்த டப்பாவுக்கு ரீஃபண்ட் கிடையாது, வேண்டுமானால் அடுத்த கோர்ஸில் பாதி விலை தள்ளுபடி என்றார். அடுத்த கோர்ஸாம்! மாத்திரையை நிறுத்தச் சொன்ன அந்த "டாக்டர்" பெயரும் பதிவு எண்ணும் கேட்டேன். "அவர் டாக்டர் இல்ல சார், ஹெல்த் அட்வைசர்" என்றார்கள். ரெக்கார்டிங் இருக்கிறது என்றதும் லைன் கட். இப்போது என் நம்பர், அம்மா நம்பர் இரண்டும் பிளாக்.

அப்புறம்தான் டப்பாவை வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன். மருந்து உரிம எண் எங்கேயும் இல்லை, உணவுப் பொருளுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்தான் இருக்கிறது. அடி ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சடித்திருக்கிறார்கள். அதாவது நோயைக் குணப்படுத்தும் என்று வாயால் சொல்லி 18,600 வாங்குவார்கள், கேஸ் என்று வந்தால் நாங்கள் விற்றது சத்துணவு என்று தப்பிப்பார்கள். ரத்த அழுத்தத்தைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954-ல் வந்த மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம், அந்தப் பட்டியலில் பி.பி. தெளிவாக இருக்கிறது. இருந்தும் தினமும் ஓடுகிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை, அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரம். சுருக்கமாக: உங்கள் டாக்டர் சொல்லாமல் பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்த விடாதீர்கள், அளவு நார்மலாக இருந்தாலும் சரி, அது மாத்திரையால்தான் நார்மல். கால் வீக்கம், இருமல், தலைசுற்றல் எதுவானாலும் மாத்திரை கொடுத்த இடத்திலேயே கேளுங்கள். பிரஷர் பார்க்காதே என்று எவனாவது சொன்னால் போனை வையுங்கள். பணம் போயிருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள், பில், டப்பா, ரெக்கார்டிங் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், அடுத்து நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவேன், 18,600 ரூபாயை விடப்போவதில்லை.

இன்று காலை அதே விளம்பரம் அம்மா போனில் ஓடுகிறது, அதே வசனம், வேறு டப்பா. ரிப்போர்ட் அடித்துவிட்டேன். உங்களுக்கு வந்தால் நீங்களும் அடியுங்கள், வீட்டில் பெரியவர்கள் போனையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.