மழைமானிப் பதிவேடா, கட்டத் தரவா, அடங்கலா?

தோட்டத்தை ஒட்டி ஓடும் பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் வரும், நேந்திரன் வாழையைச் சாய்க்கும் சூறைக்காற்று எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை அடிக்கும் என்று கணக்குப் பார்க்க, கொங்குப் பக்கம் மூன்று பழைய பதிவுகள் கைகொடுக்கும். மூன்றும் ஒரே வேலைக்கு ஆகாது.

பெருமழைக்கு மழைமானிப் பதிவேடுதான். காலை 8.30க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுவார்கள்; 5ஆம் தேதி சாயங்காலம் கொட்டிய மழை 6ஆம் தேதியில்தான் இருக்கும். காலிக் கட்டத்தை 0 என்று எடுத்தால் கணக்கு கெட்டது. ஞாயிறு அளக்காமல் விட்டிருந்தால் அந்த மழையும் திங்களோடு சேர்ந்து, ஒரே நாள் பெருமழை போலத் தெரியும். பழைய ஏடுகள் அங்குலத்தில் இருக்கும்; 25.4ஆல் பெருக்கினால் மி.மீ. ஒரே மழை 8.30க்கு முன்னும் பின்னும் பிரிந்து இரண்டு தேதியில் ஏறிவிடும் என்பதால், ஒருநாள் உச்சத்தை 1.13ஆல் பெருக்கிக்கொள்வது வழக்கம்.

பிறகு வருஷத்துக்கு ஒரு உச்சம் எடுத்துப் பெரியதிலிருந்து அடுக்குங்கள். 40 வருஷம் கையில் இருந்தால், அதோடு ஒன்று கூட்டி 41ஐ வரிசை எண்ணால் வகுக்க வேண்டும்; அந்த மழை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்பது அதில் வரும். நாலாவது மழை சுமார் 10 வருஷத்துக்கு ஒருமுறை வருவது; அதாவது எந்த வருஷமும் 10 சதவீத வாய்ப்பு. போன வருஷம் வந்துவிட்டது என்று அசந்துவிடக் கூடாது. முதலிடத்துக்குக் கிடைக்கும் 41ஐ மட்டும் நம்ப வேண்டாம், அது ஒற்றை மழையை வைத்து வந்த எண்.

நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி மழை தருவது கட்டத் தரவு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டத் தரவு 1901 முதல் தினசரி கிடைக்கிறது, விடுபட்ட நாளே இல்லை. ஆனால் ஒரு கட்டம் 0.25 பாகை, ஏறக்குறைய 27 கி.மீ. கோடை இடிமழை ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூறக்கூடச் செய்யாது. சராசரியில் அந்த உச்சம் கரைந்துபோகும். வறட்சி பார்க்க நல்லது. பள்ளத்துக்குத் தரைப்பாலம் போட இதை எடுக்காதீர்கள்.

காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் இந்த இரண்டிலும் இடமே இல்லை. அங்கே அடங்கலும் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) பயிர்ச்சேத நிவாரணப் பட்டியலும்தான் துணை. அவற்றில் வருஷம் பசலியில் இருக்கும்; அது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு. தொடங்கும் ஆங்கில வருஷம் தெரிய, பசலியோடு 590 கூட்டுங்கள்: பசலி 1388 என்றால் 1978 ஜூலை முதல் 1979 ஜூன் வரை. அதன் ஐப்பசி மழை 1978இல், சித்திரைச் சூறை 1979இல். இதில் பலரும் ஒரு வருஷம் தவறவிடுகிறார்கள். வாழை இல்லாத வருஷம் சேதமும் பதிவாகாது, வாழை பெருகினால் அதே காற்றுக்கே சேதம் கூடும். அதனால் சாய்ந்த ஏக்கரை, அந்தப் பசலியின் அடங்கலில் உள்ள மொத்த வாழை ஏக்கரால் வகுத்த பிறகே வருஷங்களை ஒப்பிடுங்கள்.