நாடு எவ்வளவு சாப்பிடுகிறது: கிடங்குக் கணக்கா, தட்டுக் கணக்கா?

ஒரு நாட்டில் ஆளுக்கு நாளைக்கு எத்தனை கலோரி என்று தேடினால் இரண்டு வகை எண்கள் கிடைக்கும். ஒன்று, ஐநாவின் உணவு வேளாண் நிறுவனம் ஆண்டுதோறும் தரும் உணவு இருப்புநிலைக் கணக்கு. விளைச்சலோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, கையிருப்பின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்து, தீவனம், விதை, சேதாரம், ஆலைப் பயன்பாடு ஆகியவற்றை நீக்கி, மிச்சத்தைக் கலோரியாக்கி மக்கள்தொகையாலும் 365ஆலும் வகுப்பார்கள். மற்றது, வீடுகளில் போய் "என்ன சாப்பிட்டீர்கள், என்ன வாங்கினீர்கள்" என்று கேட்டு எழுதும் ஆய்வு. வசதிக்காக முதலாவதைக் கிடங்குக் கணக்கு என்றும் இரண்டாவதைத் தட்டுக் கணக்கு என்றும் வைத்துக்கொள்வோம்.

எல்லாரும் அறிந்த வேறுபாடுகளைச் சட்டென்று சொல்லிவிடலாம். கிடங்குக் கணக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லும், வயிற்றுக்குள் போனதைச் சொல்லாது. வீட்டிலும் சாப்பாட்டுக் கடையிலும் கொட்டியது அதில் உண்டதாகவே நிற்கும். சிங்கப்பூரில் 2023இல் உணவுக் கழிவு 755,000 டன். வீடு, கடை, தொழிற்சாலை எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்குச் சுமார் 350 கிராம், எலும்பும் தோலும் உட்பட. தட்டுக் கணக்கோ ஏழை, பணக்காரர், ஆண், பெண் என்று பிரித்துக் காட்டும். கிடங்குக் கணக்கில் வெறும் சராசரிதான்.

ஆனால் கேள்வி "போக்கு என்ன" என்பதாக இருந்தால் நான் கிடங்குக் கணக்கைத்தான் எடுப்பேன். முப்பது நாற்பது ஆண்டு மாற்றத்தை அளக்கும்போது அளவுகோல் நடுவில் நீளக்கூடாது, சுருங்கவும் கூடாது. தட்டுக் கணக்கில் அது சத்தமில்லாமல் நடக்கும்.

இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வைப் பாருங்கள். 2011-12இல் கிராமப்புறச் சராசரி 2,099 கலோரி என்கிறது ஒரு வினாப்படிவம், 2,233 என்கிறது இன்னொன்று. அதே நாடு, அதே ஆண்டு. முதல் படிவம் உணவுப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் கடந்த 30 நாளைக் கேட்டது. இரண்டாவது எண்ணெய், முட்டை, மீன், இறைச்சி, காய்கறி போன்றவற்றுக்குக் கடந்த 7 நாளை மட்டும் கேட்டது. ஒரு மாதம் முன்னால் வாங்கிய கத்தரிக்காய் யாருக்கு நினைவிருக்கும்? கேள்வி மாறியதில் மட்டும் 134 கலோரி வித்தியாசம். 1983இல் 2,221ஆக இருந்த கிராமப்புற எண் 2004-05இல் 2,047 ஆனது, அதாவது 22 ஆண்டில் 174 குறைவு. இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஏன் தயக்கம் என்று புரியும். அதே காலத்தில் கிடங்குக் கணக்கு ஏறுமுகம் காட்டியது. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: பொருளியலாளர்கள் ஆங்கஸ் டீட்டனும் ஜான் டிரேஸும் 2009இல் அந்தச் சரிவு உண்மையானது என்றே எடுத்துக்கொண்டு, உடலுழைப்பு குறைந்ததும் சுகாதாரச் சூழல் மேம்பட்டதும் காரணமாகலாம் என்றார்கள். அதைத் தள்ளிவிட முடியாது.

வெளிச் சாப்பாடு இன்னொரு ஓட்டை. இந்திய ஆய்வில் முதலாளி வீட்டில் சமைத்து வேலையாட்களுக்குப் போட்ட சோறு முதலாளி வீட்டுக் கணக்கில் ஏறும், உண்டவர் கணக்கில் ஏறாது. உணவங்காடி நிலையத்தில் மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிடுபவரிடம் எவ்வளவு எண்ணெய் என்று கேட்டால் என்ன சொல்வார்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. வாணலியில் எத்தனை கரண்டி விழுந்தது என்பது சமைத்தவருக்குத்தான் தெரியும். வெளியில் சாப்பிடும் வழக்கம் கூடக் கூட இந்த ஓட்டையும் பெரிதாகும், அதனால் போக்கே கோணலாகும்.

கிடங்குக் கணக்கிலும் விரிசல் உண்டு, ஆனால் எங்கே என்று தெரியும். 1961 முதல் 2013 வரை பழைய முறை, 2010 முதல் புதிய முறை. இரண்டையும் அப்படியே ஒட்டினால் கோடு திடீரென்று குதிக்கும். 2010–2013 இரண்டிலும் இருப்பதால் அந்த நான்கு ஆண்டுச் சராசரிகளின் விகிதத்தை (புதியது ÷ பழையது) எடுத்து, பழைய எண்கள் அனைத்தையும் அதால் பெருக்குங்கள். மொத்தக் கலோரிக்கு ஒரு விகிதம், ஒவ்வொரு பொருளுக்கும் தனி விகிதம். இப்படி ஒட்டிய பிறகு சதவீத மாற்றத்தைப் பேசலாம், பத்து இருபது கலோரி வித்தியாசத்தைப் பேச வேண்டாம்.

கிலோவில் ஒப்பிடுபவர்கள் அரிசியில் தவறாமல் வழுக்குவார்கள். பழைய தொடரில் அரிசி, புதியதில் நெல். ஒரு கிலோ நெல் 667 கிராம் அரிசிதான், ஆகவே எடை ஒரே ஆண்டில் ஒன்றரை மடங்கானதுபோலத் தெரியும். கலோரியில் பார்த்தால் இந்தச் சிக்கல் இல்லை: ஒரு கிலோ நெல் என்றாலும் 667 கிராம் அரிசி என்றாலும் ஏறத்தாழ 2,400 கலோரிதான்.

சிங்கப்பூருக்கு வந்தால் மட்டும் என் கட்சி மாறுகிறது. துறைமுக நாட்டில் வருவதில் பெரும்பங்கு வேறு உருவில் திரும்பப் போகும். கோக்கோ விதையாக வரும், கோக்கோ வெண்ணெயாகப் போகும். 100 பங்கு வந்து 60 பங்கு போனால் மிச்சம் 40. இறக்குமதியில் 5 சதவீதப் பிழை என்றால் மிச்சத்தில் 12.5 சதவீதப் பிழை. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் வாங்கிக் காரில் வரும் மளிகை இறக்குமதிப் புள்ளிவிவரத்தில் ஏறாது. 2024இல் வந்த 1 கோடியே 65 லட்சம் பயணிகள் சாப்பிட்டதோ உள்ளூர்வாசிகள் தலையில் விழும்.

கையிருப்பும் ஏமாற்றும். இங்கே அரிசி இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியைப்போல இரு மடங்கைச் சேமித்து வைக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் கொரோனா பயத்தில் நடந்ததுபோல மக்கள் மூட்டை மூட்டையாக வாங்கி வீட்டில் அடுக்கினால், அந்த இருப்பு எந்தப் பத்தியிலும் பதிவாகாது. கணக்குப்படி எல்லாரும் அந்த ஆண்டு கூடுதலாகச் சோறு உண்டார்கள் என்றாகும். மூன்றாண்டு நகரும் சராசரி எடுத்தால் இந்த மேடு தணியும், மறுஏற்றுமதிப் பிழை தணியாது. அதனால் இந்தத் தீவுக்கு மட்டும், எண்ணெயைக் குறைத்துச் சொல்லும் தட்டுக் கணக்கையே எடுப்பேன், ஒரே வினாப்படிவம் பயன்பட்ட ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டு.