பல் நலத் திட்டத்துக்கு அரசுப் பணம்: முகாமா, ஊர்தியா, பள்ளியா?

ஒரு வட்டாரத்தின் பல் நலத்துக்கு அரசு நிதி ஒதுக்கும்போது வரும் கோரிக்கைகள் பெரும்பாலும் நான்குதான்: ஒருநாள் முகாம், நடமாடும் பல் ஊர்தி, பள்ளியில் தினமும் பல் துலக்க வைப்பது, பள்ளிக்கே போய் வார்னிஷும் (சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு பூச்சு) சீலன்ட்டும் (கடைவாய்ப்பல் குழிகளை மூடும் பூச்சு) போடுவது. நான்கையும் ஒரே கேள்வியால் எடைபோடலாம். இன்று பார்த்த பிள்ளையை ஆறு மாதம் கழித்து யார் பார்ப்பார்கள்? சொத்தை மெதுவாக வளரும் நோய். ஒரே தடவை வந்து போகும் பணத்தால் அதைத் தடுக்க முடியாது.

முகாமைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேரின் வாயைப் பார்த்துவிடலாம், ஆனால் பார்ப்பது சிகிச்சை ஆகாது. பள்ளியில் பரிசோதித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பெற்றோர் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள் என்பதற்கு ஆய்வு ஆதாரம் மிகப் பலவீனம். அன்றைய கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும், அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்தச் செலவை முகாமின் பட்ஜெட் கணக்கில் எடுப்பதே இல்லை. முகாம் நடத்தியே ஆக வேண்டும் என்றால், சிகிச்சைக்கான தேதியும் நேரமும் அந்தச் சீட்டிலேயே இருக்க வேண்டும். அதற்கு இடமில்லாவிட்டால் அந்தப் பணத்தை வேறெதற்காவது செலவிடலாம்.

ஊர்தி: வாங்குவது எளிது, ஓட்டுவது கடினம்

சீழ் பிடித்த பல்லோடு தூங்க முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு வார்னிஷால் பயனில்லை, பல் எடுக்கவோ அடைக்கவோ ஒரு நாற்காலி வேண்டும். ஊர்தியின் உண்மையான பலம் இதுதான். பலவீனமும் அந்த ஒரே நாற்காலிதான். ஒரு மருத்துவர் ஒரு நேரத்தில் ஒரு வாயைத்தான் பார்க்க முடியும்.

நிதியில் நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரி. ஊர்தி மூலதனச் செலவில் வந்துவிடும். ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், ஜெனரேட்டர், கம்ப்ரஸர் பழுது, கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம், மருத்துவக் கழிவை எடுத்துச் செல்வது ஆகியவை அன்றாடச் செலவில் வர வேண்டியவை. அங்கே ஒதுக்கீடே இருக்காது. முதலில் நிற்பது கம்ப்ரஸர். அது நின்றால் டிரில் இல்லை, டிரில் இல்லாவிட்டால் ஊர்தி வெறும் பரிசோதனை அறை. தண்ணீர்க் குழாய்களில் கிருமிப் படலம் படிவது இன்னொரு தொல்லை. தினமும் வேலை தொடங்கும் முன் குழாய்களை ஓடவிட வேண்டும், இடைவிடாமல் கிருமிநீக்கம் செய்ய வேண்டும்.

மடக்கு நாற்காலி, தலை விளக்கு, எச்சிலை உறிஞ்சும் கையடக்க சக்‌ஷன், கைக்கருவிகள் அடங்கிய பெட்டி இதற்கு மாற்று. சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி, கெட்டிப் பதமான கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் அடைக்கும் முறைக்கு மின்சாரமோ ஊசியோ பெரும்பாலும் தேவைப்படாது. 1980-களின் நடுவில் தான்சானியாவில் உருவான முறை இது. ஒரே பரப்பில் உள்ள சொத்தைக்கு நன்றாக நிற்கும். இரண்டு பற்களுக்கு நடுவே பரவிய சொத்தையில் அடைப்பு கழன்றுபோவது மிக அதிகம். பொடியும் திரவமும் கலக்கும் அளவு பிசகுவதும் ஒரு காரணம்: கலவை தளர்வாக இருந்தால் வேலை எளிதாகத் தெரியும், அடைப்பு சீக்கிரம் தேயும்.

பள்ளியில் பல் துலக்கல்

ஸ்காட்லாந்தின் சைல்ட்ஸ்மைல் திட்டம் 2006-இல் தொடங்கியது. அதன் அடித்தளமே மழலையர் பள்ளியில் ஆசிரியர் கண்முன் தினமும் பல் துலக்குவதுதான். பல் மருத்துவரே தேவைப்படாத தேர்வு இது.

1,000 பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்குப் பட்டாணி அளவு பற்பசை, அதாவது சுமார் 0.25 கிராம். 200 பள்ளி நாட்களுக்குத் தலைக்கு 50 கிராம், மொத்தம் 50 கிலோ: 100 கிராம் குழாய் 500. வீணாவதற்கு 100 சேர்த்து 600 வாங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு புது பிரஷ் என்றால் 4,000. மூன்று வயதுக்குக் கீழ் மெல்லிய பூச்சு போதும்.

பிழை பெரும்பாலும் கொள்முதலில் நடக்கிறது. டெண்டரில் ‘பற்பசை’ என்று மட்டும் எழுதினால் ஃப்ளூரைடு இல்லாத பசையும் வந்து சேரும். 1,000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) குறையாத ஃப்ளூரைடு, காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு என்று எழுத வேண்டும். கால்சியம் கார்பனேட் கலந்த பசையில் சோடியம் ஃப்ளூரைடு செயலிழந்துவிடும். அவ்வகைப் பசையில் மோனோஃப்ளூரோபாஸ்பேட் என்ற ஃப்ளூரைடு வகை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வகுப்பறையில் குழாயை நேராக பிரஷில் தொடவிடக் கூடாது. ஒரு தட்டின் விளிம்பில் துளித்துளியாக வைத்து ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளட்டும். பெயர் எழுதிய பிரஷ்களை ஒன்றோடொன்று உரசாமல், காற்று படும் தாங்கியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். மூடிய டப்பாவில் ஈரமாகப் போட்டால் கிருமி வளரும். துலக்கியபின் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃப்ளூரைடும் போய்விடும். ஆசிரியருக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பதை ஒப்புக்கொண்டு, இந்தப் பத்து நிமிடத்தைக் கால அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும்.

வார்னிஷ், சீலன்ட், வெள்ளி டைஅமைன் ஃப்ளூரைடு

வார்னிஷில் 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு, அதாவது 22,600 பிபிஎம் இருக்கிறது. பால் பற்களுக்கு 0.25 மி.லி., பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும் வாய்க்கு 0.4 மி.லி. போதும். பல்லைப் பஞ்சால் துடைத்து மெல்லியதாகத் தடவ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். எச்சில் பட்டவுடன் இறுகும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் நிறுவனத்தின் 2013 தொகுப்பாய்வில் நிரந்தரப் பற்களில் சொத்தை 43 சதவீதமும் பால் பற்களில் 37 சதவீதமும் குறைந்தது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது போட வேண்டும். முதல் சுற்றோடு நின்றுபோகும் திட்டங்களே அதிகம். பல் மஞ்சளாகத் தெரியும், மறுநாள் துலக்கினால் போய்விடும் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் சுற்றுக்கு ஒப்புதல் கையெழுத்து கிடைக்காது. வார்னிஷில் உள்ள பிசின் ஒவ்வாதவர்களுக்கும் வாய்ப்புண் உள்ளவர்களுக்கும் போடக் கூடாது.

சீலன்ட் கடைவாய்ப்பற்களின் குழிகளுக்கானது. ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது, பன்னிரண்டில் இரண்டாவது. ஆகவே எல்லா வகுப்புக்கும் பணத்தைப் பரப்பாமல் அந்த இரண்டு வயதுகளில் குவிக்க வேண்டும். இரண்டு ஆண்டு வரை 80 சதவீதச் சொத்தையைத் தடுக்கும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. சீலன்ட் கழன்று விழுவதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் எச்சில்தான். அமிலம் தடவிக் கழுவி உலர்த்திய பல் சுண்ணாம்பு போல வெளிறித் தெரிய வேண்டும். அதற்குப்பின் எச்சில் பட்டால் மறுபடி அமிலத்திலிருந்து தொடங்க வேண்டும். இதனால்தான் உதவியாளர் பணியிடத்தை நிதிப் பட்டியலிலிருந்து வெட்டக் கூடாது. பல் முழுதாக முளைக்காமல் ஈறு மூடியிருந்தால் அங்கே கிளாஸ் அயனோமர்தான் பொருத்தம்.

ஏற்கெனவே குழி விழுந்த பால் பற்களுக்கு 38 சதவீத வெள்ளி டைஅமைன் ஃப்ளூரைடு என்ற தடவும் திரவ மருந்து இருக்கிறது. ஒரு துளி ஐந்து பற்கள் வரை வரும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. சொத்தையை நிறுத்தும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். புகைப்படத்தைக் காட்டித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். நரம்பு வெளியே தெரியும் பல்லுக்கு இது கூடாது.

பணம் எந்த வழியில் வர வேண்டும்

பல் எண்ணிக்கைக்குக் கட்டணம் கொடுத்தால் சீலன்ட் அவசர அவசரமாகப் போடப்படும், நிற்கிறதா என்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஓராண்டு கழித்துச் சில பள்ளிகளில் சோதித்து, நிற்கும் அளவைப் பொறுத்துத் தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்தால் இது குறையும். பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் எட்டாத பள்ளிகள் விடுபடும். ஒப்பந்தத்திலேயே பள்ளிகளின் பெயரை எழுதினால்தான் அதைத் தடுக்கலாம். எங்கள் தேர்வு, ஆண்டுதோறும் வரும் பட்ஜெட்டில் சம்பளத்துக்கும் நுகர்பொருளுக்கும் தனி ஒதுக்கீடு. ஒருமுறை மானியத்தைக் கருவிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நிதி கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கைக்கு வர வேண்டும். நடுவில் வந்தால் முதல் வார்னிஷ் சுற்று தவறிவிடும்.

கணக்குக் கேட்கும்போது ‘எத்தனை பேரைப் பார்த்தீர்கள்’ என்று கேட்க வேண்டாம். இரண்டாம் சுற்றுக்கு வந்தவர்கள் எத்தனை சதவீதம், வலியோடு வந்த பிள்ளைக்கு எத்தனை நாளில் சிகிச்சை கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

பணம் பாதியாகக் குறைந்தால் முதலில் ஊர்தியை நிறுத்தி, அதன் மருத்துவரைக் கைக்கருவிப் பெட்டியோடு பள்ளிக்கு அனுப்பலாம். அடுத்து, பன்னிரண்டு வயதுக்காரர்களின் சீலன்ட்டைத் தள்ளிப்போடலாம். தினசரிப் பல் துலக்கலில் மட்டும் கை வைக்க வேண்டாம்.