குழந்தைக்குக் கூலிங் கிளாஸ்: கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது

கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கும் எங்களுக்கு மாசி பிறந்ததுமே வெயிலைப் பற்றிய கவலை தொடங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாயில் காற்று எவ்வளவு வீசினாலும், கோடையில் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் இந்தப் பக்கம் உண்டு. வேலந்தாவளத்தில் பேருந்தை விட்டு இறங்கி அம்மாயி (என் அம்மா) வீட்டுக்கு நடக்கும் பத்து நிமிடமும், என் இரண்டரை வயது மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் சேலையில் முகத்தைப் புதைத்தபடியே வருவாள். அதனால்தான் அவளுக்குக் கண்ணாடி வாங்க முடிவு செய்தேன்.

முதலில் ஒரு கடையில், "நல்ல கறுப்புங்க, வெயிலே தெரியாது" என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கினேன். பிறகு பொள்ளாச்சியில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர், கள்ளநோட்டுப் பார்க்கும் சிறிய புற ஊதா விளக்கை ஐந்நூறு ரூபாய் நோட்டின் மேல் அடித்துக் காட்டினார். நோட்டின் எண்கள் ஒளிர்ந்தன. நடுவில் நான் வாங்கிய கண்ணாடியைப் பிடித்தபோதும் ஒளிர்ந்துகொண்டே இருந்தன. அவர் கடைக் கண்ணாடியைப் பிடித்ததும் அணைந்துபோயின. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. கறுப்புக்குப் பின்னால் கண்ணின் பாவை விரிந்துகொள்ளும். கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்காவிட்டால், வெறும் கண்ணோடு இருப்பதைவிட அதிகக் கதிர் உள்ளே போகக்கூடும். சிறு குழந்தைகளின் கண்வில்லை மிகவும் தெளிவாக இருப்பதால், பெரியவர்களுக்குப் போவதைவிடக் கூடுதலாகவே விழித்திரை வரை போகும். ஆகவே நிறத்தைப் பார்க்காமல், 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களைத் தடுக்கும் என்பதைக் குறிக்கும் 'யுவி 400' என்ற குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். 'போலரைஸ்டு' என்பது கண்கூசலைக் குறைப்பது மட்டுமே. அது வேறு, இது வேறு.

அங்கேயே 700 ரூபாய்க்கு வாங்கியதைத்தான் மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறோம். வில்லை பாலிகார்பனேட், கீழே விழுந்தாலும் சிதறுவதில்லை. சட்டம் ரப்பரைப் போல வளைகிறது. மகள் அதை இரண்டாக மடித்து அதன் மேலேயே உட்கார்ந்தும் ஒன்றும் ஆகவில்லை. மூக்குத்தண்டு இன்னும் எழும்பாத முகத்தில் வழுக்காமல் நிற்கிறது, இமைமுடியும் வில்லையில் படவில்லை. பின்பக்கப் பட்டைதான் குறை: வியர்த்தால் முடியைப் பிடித்து இழுக்கிறது, அவிழ்க்கும்போது அழுகிறாள். பேருந்தில் தூங்கிவிட்டால் கழுத்தில் சுற்றிக்கொள்ளாமல் இருக்க உடனே கழற்றிவிட வேண்டும். வில்லையில் கீறலும் எளிதில் விழுகிறது. தூசியைக் கழுவிவிட்டுத் துடைத்தால் ஓரளவு தாங்கும்.

போட வைப்பதுதான் பெரும்பாடு. முதல் நாள் வாசற்படி தாண்டுவதற்குள் பிடுங்கி எறிந்தாள். நானும் அதட்டிப் பார்த்தேன், பயனில்லை. கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து வந்திருந்த என் அம்மா, ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மகள் அதையே வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். "கண்ணு, அம்மாயி மாதிரி நீயும் போட்டுக்கிறியா?" என்று கேட்டதும் தானே எடுத்து வந்து, தலைகீழாகத்தான், மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து வெயிலில் இறங்கும் நேரத்தில் மட்டும், அம்மாயியும் அவளுமோ நானும் அவளுமோ சேர்ந்தே போட்டுக்கொள்கிறோம். நிழலுக்கு வந்ததும் அவள் கேட்பதற்கு முன்பே கழற்றிவிடுகிறேன். ஐந்து நிமிடத்தில் தொடங்கியது, இப்போது மலம்புழை அணைக்கரையில் ஒரு மணி நேரம் வரை நீடிக்கிறது. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இருக்கும் அந்த இடத்தில் அகலமான விளிம்புள்ள தொப்பியும் அவசியம்.

அடுத்த அளவு வாங்கும்போதும் இதே சட்டத்தையே வாங்குவேன், பட்டையை மட்டும் மெல்லிய துணியில் கேட்பேன். வாங்கப் போகிறவர்கள் குழந்தையையும் கையோடு கூட்டிச் செல்லுங்கள். அந்த விளக்கும் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டும் கடையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.