கீரைப்பாத்தி மாதிரி ஒரு மீன்தொட்டி: போர் தண்ணீரில் இரண்டரை ஆண்டு

2023 பிப்ரவரியில், சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கி வந்த இரண்டடித் தொட்டி எங்கள் மடிப்பாக்கம் வீட்டுக் கூடத்தில் இன்னமும் இருக்கிறது. அதில் முதலில் விட்ட மீன்களில் ஒன்றுகூட இன்று இல்லை. முதலில் நட்ட ஏழு வகைச் செடிகளில் ஐந்து போய்விட்டன. மிஞ்சிய இரண்டும் பின்கண்ணாடி தெரியாதபடி தொட்டியை அடைத்துக்கொண்டுவிட்டன. "இது மீன்தொட்டியா, கீரைப்பாத்தியா?" என்று அம்மா கேட்கிறார். ஜப்பானின் தகாஷி அமானோ வளர்த்த தொட்டிகளின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் நானும் தொடங்கினேன். அவருடைய தண்ணீர் வேறு, என் வீட்டுக் குழாயில் வரும் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், வேறு என்பது உறைக்க எனக்கு எட்டு மாதமும் சில ஆயிரம் ரூபாயும் செலவாயின.

தொட்டி 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 57 லிட்டர் பிடிக்கும். மண், மணல், கட்டை எல்லாம் போக 45 லிட்டர்தான் நிற்கும். கண்ணாடி, மணல், தண்ணீர் சேர்ந்தால் ஓர் ஆள் எடை இருக்கும். ஆகவே பழைய டீப்பாய் மேல் வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இரும்பு ஸ்டாண்டு, அதன் மேல் பலகை, பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தெர்மக்கோல் அட்டை. இதில் நான் தவறவில்லை. தவறியது இடத்தில். செடிக்கு வெயில் நல்லதுதானே என்று கிழக்கு ஜன்னலை ஒட்டி வைத்தேன். மூன்றாம் வாரம் தண்ணீர் பட்டாணி சூப் நிறத்துக்கு மாறியது. 45 லிட்டரையும் இறைத்துவிட்டுத் தொட்டியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். தம்பி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

மீன் விஷயத்தில் நான் ஏமாந்தேன் என்பதைவிட அவசரப்பட்டேன் என்பதே சரி. "மூன்று நாள் மோட்டார் ஓடட்டும் சார், அப்புறம் மீன் விடலாம்" என்றார் கடைக்காரர். நான்காம் நாள் பன்னிரண்டு நியான் டெட்ரா வாங்கி விட்டேன். பன்னிரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மேல்தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியபடி, செவுள் சிவந்துபோய், ஒவ்வொன்றாக அடங்கின.

நடந்தது இதுதான். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதை மீன் ஓரளவு தாங்கும், செடி விரும்பிச் சாப்பிடும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். மூன்று நாள் மோட்டார் ஓடினால் தண்ணீர் சுற்றும், அவ்வளவே. எங்கள் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8-ஐத் தொடுவதால் சங்கடம் இன்னும் கூடுதல். அதே அளவு அமோனியா பிஎச் 7 தண்ணீரில் இருப்பதைவிட 8-இல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு நஞ்சாகிறது.

இரண்டாம் முறை மீனே விடாமல் தினமும் ஒரு சிட்டிகை தீனியை மட்டும் போட்டேன். சொட்டு மருந்து போல இருக்கும் பரிசோதனைத் திரவத்தைச் சோதனைக்குழாயில் விட்டுப் பார்ப்பது காலைக் காப்பிக்கு முந்தைய வேலையாகிவிட்டது. அமோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். முப்பத்தாறாம் நாள் எலுமிச்சை மஞ்சள் வந்தது. தொடங்குபவர்கள் இந்தப் பரிசோதனைத் திரவத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் பிறகு அழகான கற்களைப் பற்றி யோசியுங்கள் என்பேன். தெரிந்தவர் யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி இருந்தால், அவருடைய பில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள். காத்திருக்கும் காலம் நன்றாகவே குறையும். உறை தயிர் வாங்குவது போலத்தான்.

இனி செடிகள். முதலில் நட்டவை: வாலிஸ்நேரியா, கிரிப்டோகொரைன், சிவப்பு ரோட்டாலா, கபோம்பா, ஹேர்கிராஸ், பிறகு லக்கி பாம்பூ (மூங்கில் போலத் தோன்றும் அலங்காரச் செடி), சிங்கோனியம். கடைசி இரண்டும் தண்ணீருக்குள் வாழும் செடிகளே அல்ல. லக்கி பாம்பூ டிரசீனா என்ற நிலச்செடி வகை. வேர் நனைந்து தலை வெளியே இருந்தால் செழிக்கும், முழுக்க மூழ்கினால் அழுகும். தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு விற்றால் நீர்ச்செடி என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒரு மாதத்தில் தண்டு வழவழத்து, கையில் எடுத்தால் சாக்கடை வாடை. விற்பவரிடம் கேட்பதைவிடத் தண்டைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக, வெளியே எடுத்தாலும் நிமிர்ந்து நின்றால் சந்தேகப்படுங்கள். உண்மையான நீர்ச்செடி பெரும்பாலும் வெளியே எடுத்ததும் ஈரத்துணி போலத் துவண்டு விழும். அனுபியாஸ் போன்ற சில இதற்கு விலக்கு.

அடிமண்ணுக்கு வெளிநாட்டு மண் மூட்டை வாங்கவில்லை. மாடித்தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து, எரு கலக்காததா என்று உறுதி செய்துகொண்டு, ஒரு வாரம் வாளியில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டினேன். அதை ஓர் அங்குலம் பரப்பி, மேலே ஒன்றரை அங்குலம் பருமணல். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் பரப்பிய முறை இது. எருவுள்ள மண்ணைப் போட்டால் அமோனியா பொங்கி வரும், அதில்தான் கவனம் தேவை. மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். வீடு கட்டும் எம்-சாண்டில் பொடி அதிகம். எத்தனை முறை கழுவினாலும் பால் போலக் கலங்கிக்கொண்டே இருந்தது. மணலில் கிளிஞ்சல் துண்டு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடியில் எலுமிச்சைச் சாறு விடலாம். நுரைத்தால் அது தண்ணீரின் கடினத்தை இன்னும் ஏற்றும்.

எங்கள் தண்ணீருக்கு அந்த உதவியே வேண்டாம். கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைப் போர் தண்ணீரில் விட்டால் 900-ஐத் தாண்டுகிறது. பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளைப் படிவம். சிவப்பு ரோட்டாலா இரண்டு மாதத்தில் நரைத்து, கீழ் இலைகளை உதிர்த்துக் குச்சியாக நின்றது. கபோம்பா நாளுக்கு ஒரு பிடி இலையாகக் கரைந்து ஸ்பாஞ்சை அடைத்தது. ஹேர்கிராஸ் மேல் பழுப்புப் பாசி படிந்தது. உரம் போட்டேன், விளக்கை மாற்றினேன், சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு தயாரித்துக் குழாய் வழியே விட்டேன். பாட்டில் ஒருநாள் இரவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, கூடம் முழுக்கக் கள்ளுக்கடை வாசம்.

இத்தனைக்கும் நடுவே, எதையும் கேட்காமல் வாலிஸ்நேரியா மட்டும் வாரம் ஒரு கன்று போட்டுக்கொண்டிருந்தது. ஏன் என்று தேடிப் பிடித்த பிறகுதான் தொட்டியின் போக்கே மாறியது. செடி ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் வேண்டும். பிஎச் 8-இல் உள்ள தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு. ஆனால் கடின நீரில் பைகார்பனேட் ஏராளம். வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் அந்தப் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறன் உள்ளவை. பள்ளியில் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக்குழாய் வைத்து, ஆக்சிஜன் குமிழி காட்டுவார்களே, அந்த ஹைட்ரில்லாதான். எதை நான் என் தண்ணீரின் குறை என்று திட்டிக்கொண்டிருந்தேனோ அது இவற்றுக்குச் சாப்பாடு. அன்றே ரோட்டாலாவின் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டேன். பாட்டில் பரணுக்குப் போனது. தண்ணீரை மட்டும் கொஞ்சம் தணித்தேன்: வாரம் இரண்டு வாளி மாற்றும்போது ஒன்று போர் தண்ணீர், ஒன்று ஆர்.ஓ. தண்ணீர். மெட்ரோ தண்ணீர் வரும் வீடுகளில் குளோரின் போக அதற்கான மருந்தை ஒரு சொட்டு விடத் தவறாதீர்கள்.

கிரிப்டோகொரைன் வெண்டி தப்பியது வேறு கதை. நட்ட பத்தாம் நாள் அதன் இலைகள் அத்தனையும் கண்ணாடி போலத் தெளிந்து கரைந்துவிட்டன. செத்தது என்று வேரோடு பிடுங்கப் போனேன். வேர் மண்ணை இறுகப் பற்றியிருந்ததால் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நன்றி. இடம் மாறினால் இலையை உதிர்ப்பது அந்தச் செடியின் வழக்கமாம். ஐந்தாம் வாரம் மணலிலிருந்து சுருட்டிய பழுப்பு இலை ஒன்று எட்டிப் பார்த்தது. இது இலங்கைக்கே உரிய செடி என்பது பிறகு தெரிந்தது. இறக்குமதிச் சரக்கு என்று விலை சொன்னபோது ஏதோ தூரதேசம் என்று நினைத்திருந்தேன்.

பாசிக்கு மருந்து தேடாதீர்கள், விளக்கைக் குறையுங்கள். பத்து மணி நேரம் எரிந்த விளக்கை டைமர் போட்டு ஆறு மணி நேரமாக்கிய மறுமாதம் முடிப்பாசி பாதியாகக் குறைந்தது. பாசிக்கென்று ஒருமுறை 'திரவக் கார்பன்' குப்பி ஒன்று வாங்கினேன். அதற்குள் இருப்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரிகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் பொருள். ஒரே வாரத்தில் பாசியோடு என் வாலிஸ்நேரியாவும் நுனியிலிருந்து கரைந்தது. வாலிஸ்நேரியா வைத்திருப்பவர்கள் அந்தக் குப்பிப் பக்கமே போக வேண்டாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். சென்னையில் அது வேடிக்கை. மே மாதம் என் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. மீன்கள் மேலே வந்து நிற்கத் தொடங்கின. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சிறு விசிறியை நீர்மட்டத்தைப் பார்த்துச் சாய்த்து மாட்டியதில் இரண்டரை டிகிரி இறங்கியது. பதிலுக்குத் தினமும் ஒரு லிட்டர் போல ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். அதை ஈடுசெய்யப் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்து, ஒரு கோடை முடிவதற்குள் டி.டி.எஸ்ஸை 1,300 வரை ஏற்றிய பெருமை எனக்கு உண்டு. குறைந்த தண்ணீரை நிரப்ப ஆர்.ஓ. மட்டும்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. முழங்கால் வரை தண்ணீர் தெருவில் நிற்க, நான் முதல் மாடியில் மீனுக்குக் காற்று ஊட்டிக்கொண்டிருந்தேன். முறை எளிது: குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது. இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் விடியற்காலை நான்கு மணிக்குத்தான் ஆபத்து அதிகம். அலாரம் வைத்து எழுந்தேன். தீனியை அடியோடு நிறுத்தினேன். இரண்டு கப்பி மீன்கள்தான் இறந்தன. மீன் கூட்டம் குறைவாக இருந்ததும் ஸ்பாஞ்ச் பில்டர் தொட்டிக்குள்ளேயே இருந்ததும் காப்பாற்றின. வெளியே மாட்டும் மூடிய பில்டர் வைத்திருப்பவர்கள், நெடுநேர மின்வெட்டுக்குப் பிறகு அதைக் கழுவாமல் ஓட்டக் கூடாது. உள்ளே தேங்கி அழுகியதெல்லாம் தொட்டிக்குள் கொட்டும். புயலுக்குப் பிறகு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

கப்பி கடினநீருக்கு ஏற்ற மீன். ஆறு பெண் கப்பிகள் மட்டும் வாங்கினால் பெருகாது என்று கணக்குப் போட்டேன். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்ததை வைத்தே பல மாதம் குட்டி போடும் என்பது கணக்கில் வரவில்லை. அந்த ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதி வீடுகளுக்குக் கப்பி கொடுத்தேன். நத்தைகள், பின்னர் நட்ட ஹைட்ரில்லாவோடு முட்டையாக வந்தன. முதலில் நசுக்கினேன், பிறகு விட்டுவிட்டேன். தீனியை அளவாகப் போட்டால் அவையும் அளவாகவே இருக்கின்றன.

செலவு கேட்பார்கள். தொட்டி, மூடி, ஸ்டாண்டு 3,800 ரூபாய். விளக்கு 1,400. ஸ்பாஞ்ச் பில்டரும் ஏர் பம்பும் 450. செத்துப்போனவற்றுக்கும் வேண்டாத மருந்துகளுக்கும் கொடுத்தது இவை எல்லாவற்றையும் கிட்டத்தட்ட எட்டிவிடும். 20 வாட் விளக்கு ஆறு மணி நேரமும் 3 வாட் பம்ப் நாள் முழுதும் ஓடினால் இரண்டு மாத பில்லில் பன்னிரண்டு யூனிட்டுக்குள் அடங்கும். ஞாயிறு காலை முக்கால் மணி நேர வேலை. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரிலேயே பிழிகிறேன். அந்த அழுக்குத் தண்ணீர் மாடிக் கறிவேப்பிலைக்குப் போகிறது. கறிவேப்பிலை இவ்வளவு கொழுத்து நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் வாலிஸ்நேரியா பூத்தது. அடியிலிருந்து தையல் நூல் கனத்தில் ஒரு காம்பு, சுருள்சுருளாக நீர்மட்டம் வரை வந்து, நுனியில் அரிசி நொய் அளவு வெள்ளைப் பூவை நிறுத்தியிருந்தது. பூ நின்ற இடத்தில் தண்ணீர் லேசாகக் குழிந்திருந்தது. அது பெண் பூ. ஆண் பூக்கள் அடியில் கழன்று மேலே மிதந்து வந்து அந்தக் குழியில் சரிந்து சேரவேண்டும். மூன்று நாள் விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. வராது. இந்த வகையில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. என் தொட்டியில் உள்ள நூற்றுச் சொச்சம் செடிகளும் முதலில் வாங்கிய ஒரே கட்டிலிருந்து ஓடுதண்டில் கிளைத்தவை. நான்காம் நாள் பூ பழுத்துச் சாய்ந்தது. அடுத்த முறை கொளத்தூர் போகும்போது வேறு கடையில் நாலு கன்று வாங்கி வரவேண்டும்.